ஒருமுறை சொன்ன ‘வேண்டாம்’

மகனே, நீ புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் முன் இது உன்னிடம் வந்து சேர வேண்டும். அதனால் சொல்ல வேண்டியதை முதல் வரியிலேயே சொல்லிவிடலாம் என்று நேற்றுக் காலை மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதல் வரியை எழுதினேன், வெட்டினேன். அதையே வேறு சொற்களில் எழுதி, அதையும் வெட்டினேன். என்னை உனக்குத் தெரியும். கடைக்குப் போவதென்றாலும் போகும் வழியை மனதுக்குள் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் சப்பாத்துப் போடுகிற ஆள் நான். ஆகவே எனக்குத் தெரிந்த மாதிரி மெல்ல நடந்தே வருகிறேன். நீயும் பொறுமையாகக் கூட வா. வழியின் முடிவில் உன் முடிவோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது.

பேனாவை நான் முதலில் கையில் எடுத்தது உனக்காக அல்ல என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் மூத்தோர் சங்கம் இந்த வருடம் ஒரு சிறப்பு மலர் போடுகிறது. பொறுப்பாசிரியர் பொன்னையா அண்ணை, மல்வேர்ன் மோல் கடைத்தொகுதியில் நாங்கள் கோப்பி குடிக்கும் மேசையில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார். “வாத்தியார், பிள்ளையளுக்கு அறிவுரை எண்டு ரெண்டு பக்கம் எழுதித் தாரும். பகிடி கிகிடி ஒண்டும் வேண்டாம். உமக்கு உது வராது” என்றார். யாழ்ப்பாணத்தில் நான் இரசாயனம் படிப்பித்தது சில வருடங்கள்தான். இங்கே வந்து அதைவிட நீண்ட காலம் ஒரு சோஸ் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் தக்காளியின் புளிப்பை அளந்துகொண்டிருந்தேன். என்றாலும் அவருக்கு நான் வாத்தியார்தான். சரி என்று வந்துவிட்டேன். வீட்டில் பேப்பரை விரித்து வைத்த பிறகுதான் விளங்கியது, உனக்கு அறிவுரை சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. நீ என்னைவிட நன்றாக வாழத் தெரிந்தவன். எனக்கு இருந்தது ஒரு பதில் மட்டும். நீ முன்பே கேட்ட கேள்விக்கு நான் பிழையாகச் சொன்ன பதிலைத் திருத்த வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னாய். உன் நிறுவனம் இன்னும் இரண்டு வருடம் நீ வேலை செய்யும் தீவிலேயே இருக்கச் சொல்லிக் கேட்கிறது, மாத முடிவுக்குள் கையெழுத்து வைக்க வேண்டும் என்று. “நான் வீட்டை வந்திடட்டே எண்டு இங்க வைச்சு உங்களைக் கேட்டனான்தானே அப்பா. நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னீங்கள். அதாலதான் இவையளுக்கு ஓம் எண்டு சொல்லப்போறன்” என்றாய். “ஓமோம், அதுதான் நல்லது” என்றேன். பிறகு அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் வற்றும்வரை குசினியில் நின்றேன்.

இப்போது தீவுக்குப் போவோம். உன் அம்மா காலமான பிறகு வந்த முதல் குளிர்காலத்தில் என்னைத் தனியே விட மனமில்லாமல் நீ டிக்கெற் அனுப்பினாய். கடும் பனியில் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டவன், மாலையில் வேர்த்து ஒழுகியபடி உன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். நீ கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தாய். மேல்மாடியில் இருக்கும் உன் வீட்டுச் சொந்தக்காரி மிஸ் டொரின் இறங்கி வந்தார். நல்ல உயரம், தலையில் துணி, கையில் மூடிய தட்டு. தணலில் சுட்ட ஈரப்பலாக்காயும் கருவாட்டுப் பிரட்டலும் என்று மணத்திலேயே தெரிந்தது. விமானத்தில் தந்ததை நான் சாப்பிட்டிருக்கவில்லை. வயிறு எரிந்துகொண்டிருந்தது. “டாடி, பசிக்குதா?” என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் எழுந்து நின்று, கையைக் கூப்பி, “நோ, நோ, தாங்க்ஸ்” என்றேன். அவர் தலையை ஆட்டினார். தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அவ்வளவுதான்! நான் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வரவில்லை. மேலே கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

நீ வந்து விஷயத்தைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. “அப்பா, இங்க ஒருக்காத்தான் கேப்பினம். வேண்டாம் எண்டால் வேண்டாம்தான். அம்மா என்னைக் கிள்ளினது ஞாபகம் இருக்கே?” என்றாய். எப்படி மறப்பேன்? நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த காலம். அஜின்கோர்ட்டில் அம்மாவின் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தோம். அந்த அன்ரி உன்னிடம் “வடை சாப்பிடுறியே அப்பன்?” என்று கேட்டா. நீ உடனே “ஓம், ரெண்டு” என்று விரலைக் காட்டினாய். அம்மாவின் கை மேசைக்குக் கீழே போனது. காரில் திரும்பி வரும்போது வழக்கு நடந்தது.

“ஆரும் கேட்டால் முதல் வேண்டாம் எண்டு சொல்லோணும். விளங்குதே?”

“But I wanted it, அம்மா.”

“விருப்பம் எண்டாலும் வேண்டாம் எண்டுதான் சொல்லோணும். உடன ஓம் எண்டால் காஞ்ச மாடு மாதிரி இருக்கும்.”

“Then அவையளுக்கு எப்பிடித் தெரியும்?”

“அவை திருப்பிக் கேப்பினம். பேந்தும் வேண்டாம் எண்டு சொல்லு. மூண்டாந்தரம் கேக்கேக்க வாங்கு.”

 பின் சீற்றிலிருந்து உன் சின்னக் குரல் கேட்டது: “திருப்பிக் கேக்காட்டி?”

அம்மா என்னைப் பார்த்தா. நான் வீதியைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது பச்சையாக மாறியதும் காரை எடுத்தேன். அதற்குப் பிறகு உனக்கு அந்த வழக்கம் படியவே இல்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. உன் அம்மா மட்டும் கடைசி வரை அப்படியே இருந்தா. நான் தேத்தண்ணி போடும்போது “உமக்கும் போடட்டே?” என்று கேட்டால், “வேண்டாம், எனக்கென்னத்துக்கு” என்பா. ஒரு நிமிடம் கழித்து இன்னொருமுறை கேட்பேன். “போடுறதெண்டால் போடுங்கோவன், கிடந்தால் குடிப்பன்” என்பா. எனக்கும் அவ அப்படித்தான் செய்தா. எங்கள் வீட்டில் யாரும் எதையும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. திருப்பிக் கேட்பதற்கு எப்போதும் ஓர் ஆள் இருந்தது. அது எவ்வளவு பெரிய வசதி என்பது அவ போன பிறகுதான் தெரிகிறது. இப்போது நான் மனதுக்குள்ளேயே வேண்டாம் என்று சொல்கிறேன். வீடு சும்மா கிடக்கிறது.

உன் தீவில் அந்த முதல் நாளுக்குப் பிறகு நான் பாடம் படித்துக்கொண்டேன். மிஸ் டொரின் அடுத்த நாள் காலையில் வாயைத் திறக்கு முன்பே “யெஸ்” என்றேன். அவர் என்ன கேட்க வந்தார் என்பது கூட எனக்குத் தெரியாது. கோழிக்கூட்டின் தகரத்தைப் பிடித்துக்கொள்ள முடியுமா என்றுதான் கேட்க வந்திருந்தார். பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு சாப்பாடு வந்தது. “இந்த டாடிக்கு ஒரே இரவில் பசி வந்துவிட்டது” என்று அவர் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

உன் நாட்களை நான் கிட்ட இருந்து பார்த்தது அப்போதுதான். வெளிநாட்டு உதவி நிறுவனம் என்றால் கூடாரமும் கொடியும் மூட்டைகளும்தான் என் மனதில் இருந்தன. நீ விடியவே எழும்பி, பழைய பிக்கப்பின் சில்லுகளைக் காலால் தட்டிப் பார்த்து, தண்ணீர்த் தாங்கி ஒன்றைப் பின்னால் கட்டி, மலைப்பாதையில் ஏறினாய். சூறாவளி கூரைகளைக் கொண்டுபோன வீடுகளுக்குப் புதிய தகரம் வந்திருந்தது. அந்தத் தகரத்தில் விழும் மழையைக் கூரையோரம் பீலி வைத்துத் தாங்கிக்கு இறக்குவதுதான் உன் வேலை. கேட்கச் சின்ன வேலை. ஆனால் பாதி நாள் ஆட்களோடு கதைப்பதிலேயே போனது. ஒவ்வொரு வளைவிலும் யாராவது கையைக் காட்டி மறித்தார்கள். “வாட்டர் மேன், என் குழாய் ஒழுகுது.” “வாட்டர் மேன், என் தாங்கிக்குள் தவளை.” “வாட்டர் மேன், உனக்கு எப்போது கல்யாணம்?” எல்லாவற்றுக்கும் நீ வண்டியை நிறுத்திப் பதில் சொன்னாய். தேவாலய மண்டபத்துக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று நான் கேட்டபோது, “ஆக்கள் வந்த பிறகு” என்றாய். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஆட்கள் வந்தார்கள். முதலில் பாடினார்கள், பிறகு இறந்துபோன ஒருவரைப் பற்றிக் கதைத்தார்கள், அதற்குப் பிறகுதான் தண்ணீர். நீ அவசரப்படாமல் இருந்தாய். மின்சாரம் வந்ததும் உட்கார்ந்து அறிக்கை எழுதினாய், அது போனதும் மூடிவைத்தாய். சோஸ் தொழிற்சாலைக்கு ஒருநாளும் பிந்திப் போகாத எனக்கு, நீ என் பிள்ளைதானா என்று சந்தேகமாகவும் பெருமையாகவும் இருந்தது.

ஒருநாள் மேல் கிராமத்தில் ஒரு வயதான மீனவரின் வீட்டுக்குப் போனோம். தாங்கி அவருக்கென்று வந்திருந்தது. அதைப் பூட்டட்டுமா என்று முற்றத்தில் நின்று நீ கேட்டாய். அவர் தொப்பியைக் கழற்றி, “எனக்கு வேண்டாம், மகனே. வேறு யாருக்காவது கொடு” என்றார். நீ நன்றி சொல்லி, கைகுலுக்கி, வண்டியைத் திருப்பினாய். எனக்குப் பொறுக்கவில்லை.

“தம்பி, திருப்பி ஒருக்காக் கேட்டுப் பாத்திருக்கலாமே? மனிசன் வெக்கத்தில சொல்லியிருப்பார்.”

“அவர் no எண்டு சொன்னவர் அப்பா. திருப்பித் திருப்பிக் கேட்டால் அது வற்புறுத்துறது. உதவி செய்ய வந்த நாங்கள் அவையின்ர சொல்லை நம்பாட்டி, பேந்தென்ன மரியாதை?”

 ஆனால் என் மனதில் நீ அந்த மனிதரின் வீட்டில் பாதிச் சம்பாஷணையோடு எழுந்து வந்துவிட்டதாகவே பட்டது. அன்று மாலை மிஸ் டொரினிடம் மெல்ல விசாரித்தேன். அவர் சிரித்தார். அந்த மீனவரின் வீட்டுக்குப் பின்னால் அவருடைய தகப்பன் பாறையில் வெட்டிய தொட்டி ஒன்று இருக்கிறதாம். சூறாவளியிலும் அது உடையவில்லை. அந்தத் தண்ணீரை விட்டு வேறு தண்ணீர் குடிக்க மாட்டாராம். “வேண்டும் என்றால் அவர் கேட்டிருப்பார், டாடி. அவருக்கு வாய் இருக்கிறது” என்றார் மிஸ் டொரின். நீ சரி, நான் பிழை. இதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதில் உன்மேல் ஒரு குறையும் இல்லை என்பதை நீ முதலே அறிந்திருக்க வேண்டும்.

நான் புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில் தாங்கித் தண்ணீரின் குளோரினைப் பார்க்கும் வேலையை எனக்குத் தந்தாய். எவ்வளவு காலத்துக்குப் பிறகு கையில் ஒரு சோதனைக்குழாய்! தண்ணீரை எடுத்து, மருந்தைக் கரைத்து, நிறம் பார்க்க வெளிச்சத்துக்கு நேரே தூக்கினேன். தண்ணீர் குழாய்க்குள் நடுங்கியது. மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்தேன், அப்போதும் நடுங்கியது. நீ பார்த்தாய். குழாயை என் கையிலிருந்து வாங்கி, நீயே பிடித்துக்கொண்டு, “என்ன நிறம் சொல்லுங்கோ அப்பா” என்றாய். நிறத்தை நான்தான் சொன்னேன். நிறம் சொல்லும் வேலையை நீ என்னிடமே விட்டுவைத்ததை நான் மறக்கவில்லை.

அன்று பின்னேரம் படகுகளை இழுத்துக் கவிழ்த்து வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தோம். நீ கடலைப் பார்த்தபடி கேட்டாய்: “அப்பா, நான் இந்த வேலையை முடிச்சுக்கொண்டு வீட்டை வந்திடட்டே? உங்களோட இருக்கட்டே?” நான் சொன்னேன்: “சீச்சீ, வேண்டாம் தம்பி. எனக்கென்ன குறை? அங்கத்தைப் பனிக்குளிர் இன்னும் கையை விட்டுப் போகேல்லை, அதுதான் கொஞ்சம் நடுங்கினது. நீ உன்ர வேலையைப் பார்.” நீ “சரி அப்பா” என்றாய். என் முதுகில் கையை வைத்தாய்.

நான் காத்திருந்தேன், மகனே. வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். நீ இன்னொருமுறை கேட்பாய் என்று அந்தப் படகில் சாய்ந்தபடி காத்திருந்தேன். அடுத்த முறைக்கு என்ன சொல்வது என்று கூட யோசித்து வைத்திருந்தேன்: “உனக்குக் கரைச்சல் இல்லையெண்டால் பாப்பம்.” உன் அம்மாவாக இருந்திருந்தால் நான் முதல்முறை வாயைத் திறந்தபோதே கண்டுபிடித்திருப்பா. கரைக்கு மேலேயிருந்த வீட்டிலிருந்து மிஸ் டொரின் சாப்பிடக் கூப்பிட்டார். நீ எழுந்து எனக்குக் கையைக் கொடுத்தாய். கேள்வி அத்தோடு முடிந்தது. ஈரப்பலாக்காய்க்கு ஒரே தரத்தில் ஓம் சொல்லப் பழகிய எனக்கு, என் பிள்ளைக்கு ஓம் சொல்ல வரவில்லை.

இனி மறைத்ததைச் சொல்கிறேன். கை நடுங்கியது குளிரால் அல்ல. நான் தீவுக்கு வருமுன்பே டாக்குத்தர் சொல்லிவிட்டார். பார்க்கின்சன். தொடக்கம்தான், மெல்லத்தான் போகும், மருந்து இருக்கிறது என்றார். பயப்படாதே. நான் ஒழுங்காகக் குளிசை எடுக்கிறேன்; ஒழுங்கு ஒன்றுதானே எனக்கு வரும். ஆனால் சட்டைப் பொத்தான் போடக் காலையில் நேரம் எடுக்கிறது. தேத்தண்ணியைக் கோப்பையில் அரைவாசிதான் ஊற்றுகிறேன். பஸ் வந்து நிற்கும்போது கால் ஒரு கணம் நிலத்தை விட மறுக்கிறது, பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. இந்தக் கடிதத்தில் எழுத்துகள் போகப் போகச் சிறுத்துவருவதை நீ கவனித்திருப்பாய். கடதாசியை மிச்சம் பிடிக்க அல்ல அது. அந்த நோயின் குணம்.

போன கிழமை பொன்னையா அண்ணையிடம் மட்டும் இதைச் சொன்னேன். அவர் கோப்பியை வைத்துவிட்டுக் கையை ஆட்டினார். “பிள்ளையிட்டைச் சொல்லிப்போடாதையும். அதுகளின்ர வாழ்க்கையைக் குழப்பக் கூடாது. என்ர மகள் கல்கரியிலயிருந்து வரட்டே எண்டு கேட்டவள். வேண்டாம், அங்கயே இரு எண்டு சொல்லிப்போட்டன்.”

“பேந்து?” என்றேன்.

“பேந்தென்ன? இருக்கிறாள்.”

இதைச் சொல்லிவிட்டு அவர் வெறும் கோப்பையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். எங்கள் மேசையில் இருந்த மற்றவர்களையும் பார்த்தேன். எல்லோரும் பிள்ளைகள் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஆட்கள். எல்லோருடைய தொலைபேசியும் அழைப்பு வந்தால் தெரியும்படி மேசைமேல் திரை மேலாகக் கிடந்தது. அந்த மேசை நினைவில் வந்தபோதுதான் இந்தக் கடிதத்தை மலரிலும் போடலாம் என்று தோன்றியது. எனக்குத் துணிச்சல் வந்துவிட்டதாக எண்ணாதே. நீ வாசித்துச் சரி என்று சொன்னால்தான் பொன்னையா அண்ணையிடம் கொடுப்பேன். ஆனால் எங்கள் பிள்ளைகள் கல்லு மனம் கொண்டவர்கள் அல்ல, நாங்கள் சொன்னதை அப்படியே நம்பிய நல்ல பிள்ளைகள் என்பதை யாராவது எழுத வேண்டும். ஒருவரின் சொல்லை நம்புவதே மரியாதை என்று இந்த நாடும் உன் வேலையும் உனக்குப் படிப்பித்திருக்கின்றன. நாங்கள் ‘வேண்டாம்’ என்பதை நம்பாமல் இருப்பதே அன்பு என்று படித்தவர்கள். நீ காரின் பின் சீற்றிலிருந்து கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டியவன் நான். திருப்பிக் கேட்காவிட்டால், நாமே வாய் திறந்து சொல்ல வேண்டும், அப்பன். வேறு வழி இல்லை.

உன் வேலை பெரியது என்பது எனக்குத் தெரியும். மேல் கிராமத்தில் பீலி பூட்டாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. மழைக்காலம் வருமுன் அவற்றை முடிக்க நினைப்பாய், முடி. அதுவரை எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இரண்டு வருடத்துக்குப் பிறகு என் கை என்னவாக இருக்கும், உன்னோடு நடக்கக் கால் விடுமா என்பது எனக்குத் தெரியாது. டாக்குத்தருக்கும் தெரியாது. பொத்தான் போட ஆள் வேண்டும் என்பதற்காக உன்னைக் கூப்பிடவில்லை. அதற்கு அரசாங்கம் ஆள் அனுப்பும். ஆட்கள் பிந்தி வந்தாலும் கவலைப்படாமல் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மகனை நான் அந்த ஒரு பயணத்தில்தான் கண்டேன். அவனோடு இன்னும் கொஞ்சக் காலம் இருக்க எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆசை என்ற சொல்லை உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

நீ முடியாது என்று சொல்லலாம். சொன்னால் உன் தீவின் வழக்கப்படி ஒரே தரத்தில் நம்புவேன். திருப்பிக் கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். மிஸ் டொரினிடம் என் அன்பைச் சொல். டாடிக்கு எப்போதோ பசித்துவிட்டது, சொல்லத்தான் இவ்வளவு நாள் எடுத்தது என்று சொல். அவர் சிரிப்பார்.

படகடியில் நீ கேட்டதற்கு, பிந்தித்தான் என்றாலும், என் பதில் இதுதான். ஓம் தம்பி. வா.

அப்பா